தமிழகத்தில் கேபிள் தொலைக்காட்சியின் எழுச்சியும் சரிவும்

முன்னுரை

1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போர்ச் செய்திகளின் வழியே செயற்கைக்கோள் ஒளிபரப்பு இந்திய நகரங்களில் அறிமுகமாயிற்று. 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டபின் தமிழகத்தில் கேபிள் இணைப்புகள் விரைந்து பெருகின. இன்று அவ்வலையமைப்பு சுருங்கி வருவதற்கு இணையவழி ஒளிபரப்பே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும், இணையம் பரவுவதற்கு முன்பே கேபிள் தொழிலின் அடித்தளம் மாறத் தொடங்கிவிட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தெருவளவிலான தொழில்

தொடக்கக் காலக் கேபிள் தொழில் சிறு முதலீட்டில் நடந்தது. ஆபரேட்டர் தம் மாடியில் டிஷ் ஆன்டெனா நிறுவி, மின்கம்பங்களின் வழியே வீடுதோறும் கம்பி இழுத்தார். மாதந்தோறும் நேரில் சந்தா பெற்றார். 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் அவரைப் பதிவுக்கு உட்படுத்தியது. ஆயினும், இணைப்புகளின் உண்மையான எண்ணிக்கையை அவர் மட்டுமே அறிந்திருந்தார். அதுவே அவரது வலிமையாகவும், ஒளிபரப்பு நிறுவனங்களின் மனக்குறையாகவும் இருந்தது.

அரசின் நுழைவு

2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் எளிய குடும்பங்களுக்கும் தொலைக்காட்சியைக் கொண்டுசேர்த்தது. 2007-இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவாயிற்று. 2011-இல் புத்துயிர் பெற்ற அந்நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது. இதனால் கேபிள் கட்டணம் அரசியல் வாக்குறுதிக்குரிய பொருளாயிற்று.

எண்ணியலாக்கமும் கட்டணமும்

2011-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் செட்டாப் பாக்ஸைக் கட்டாயமாக்க வழிவகுத்தது. இணைப்புகள் கணக்கில் வந்தன. ஆபரேட்டரின் தனியுரிமை தளர்ந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் கட்டண முறை, 100 அலைவரிசைகளுக்கு வரி நீங்கலாக 130 ரூபாயை உச்சவரம்பாக வைத்தது. கட்டண அலைவரிசைகளுக்குத் தனி விலை குறிக்கப்பட்டது. ஒரே தொகை செலுத்திப் பழகிய குடும்பங்கள், எந்த அலைவரிசை தேவை என எண்ணிப் பார்க்கும் நிலை உருவாயிற்று.

கைப்பேசியின் வருகை

அவ்வாறு எண்ணிப் பார்த்தோர் கையில் மாற்றுவழியும் இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையத் தரவின் விலை பெரிதும் குறைந்தது. 2017-இல் சன் குழுமமே சன் நெக்ஸ்ட் செயலியை வெளியிட்டது. 2023-இல் ஐபிஎல் போட்டிகள் ஜியோசினிமாவில் கட்டணமின்றி ஒளிபரப்பாயின. கேபிளைத் தாங்கிநின்ற நெடுந்தொடர், விளையாட்டு ஆகிய இரண்டும் கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தன.

முடிவுரை

கேபிளின் சரிவு கம்பியின் முடிவன்று. ஆபரேட்டர்கள் பலர் அகலக்கற்றை இணைய இணைப்பை அதே தெருக்களில் வழங்குகின்றனர். மாறியது பார்வையாளருக்கும் விலைக்குமான உறவே. கேபிள் கட்டணம் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. அது உயர்ந்தால் அரசிடம் முறையிடலாம், ஆபரேட்டரிடம் தவணை கேட்கலாம். செயலிகளின் சந்தா அவ்வொழுங்குமுறைக்குள் வரவில்லை. உரிய நாளில் செலுத்தாவிடில் சேவை தானே நின்றுவிடும். ஆகவே, இம்மாற்றத்தைத் தொழில்நுட்ப வரலாறாக மட்டுமன்றி, எளியோர்க்கான பொழுதுபோக்கின் விலையை யார் முடிவுசெய்வது என்னும் சமூக வரலாறாகவும் காண்பது பொருந்தும்.