எந்த ஊர்?

நம்மவர் இருவர் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டால், பெயருக்கு அடுத்த கேள்வி, "எந்த ஊர்?" என்பதுதான். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், கடையநல்லூர், தென்காசி என்று பதில் வந்ததும் யார் மகன், எந்தத் தெரு என்று பேச்சு நீளும். இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1819க்குப் பின் சில ஆண்டுகளிலேயே சூலியா முஸ்லிம்கள் சிங்கப்பூர் வந்துவிட்டனர். 1826இல் ஜாமிஆ பள்ளிவாசலையும், 1827இல் குச்சுப் பள்ளி எனப்பட்ட அல்-அப்ராரையும் நிறுவினர். 1830க்குள் நாகூர் தர்காவும் எழுந்தது. தொழுகை வரிசையில் ஊர் பார்த்து யாரும் நிற்பதில்லை. ஆனால் வெளியே வந்ததும் வேலை, கடன், தங்குமிடம், சம்பந்தம் எல்லாவற்றுக்கும் ஊரே வழியாக இருந்தது.

காரணம் எளிது. புதிதாக வந்தவரிடம் ஈடு வைக்க ஒன்றும் இல்லை. ஊர்க்காரர் சொல்லே ஜாமீன். நாணயம் தவறினால் செய்தி கப்பலேறி ஊர் ஜமாஅத்துக்குப் போய்விடும். வணிகம் செய்யும் எங்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

பல ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டுமே வந்தனர். கடையநல்லூர், தென்காசி மக்களோ குடும்பத்தோடு வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்தனர். ஆண்கள் துறைமுகத்தில் உழைக்க, பெண்கள் மசாலா அரைத்து விற்றனர். குடும்பம் இருந்ததால் பிள்ளைகளுக்குப் பள்ளி தேவைப்பட்டது. 1941இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை தமிழ்ச் சமூகத்துக்கே பயன்பட்டது.

பின்னர் வீவக வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது பழைய தெரு கலைந்தது. வாசற்படியில் நடந்த பேச்சு ஆண்டுக் கூட்டத்துக்கும் பெருநாள் சந்திப்புக்கும் மாறியது. நம் சங்கம் போன்றவையே அந்தத் தெருவின் இடத்தை நிரப்பின.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஊர் வட்டம் உள்ளிருப்பவரை நெருக்கியதுபோல், வெளியிருப்பவரைத் தள்ளியும் வைத்தது. ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்கள் சம்பந்தம் பேசத் தயங்கினர். இன்று நம் பிள்ளைகளிடம் "எந்த ஊர்?" என்றால், தெம்பனிஸ், ஈசூன் என்கிறார்கள். பூர்வீக ஊரை மட்டும் நம்பினால் அடுத்த தலைமுறையில் நம் நாற்காலிகள் காலியாகும்.

உமறுப்புலவர் பள்ளி வழி காட்டுகிறது: ஓர் ஊரார் கூடி உழைத்தார்கள்; பலன் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. ஊர்ப் பெயரை விட வேண்டியதில்லை. கதவை அகலத் திறந்தால் போதும். பொன்விழா ஆண்டில் நாம் எடுக்க வேண்டிய முடிவு இதுவே.