துருத்தி ஊதின பையனும் மூணு நிமிஷ தண்டனையும்

சைக்கிள்ல பின் சக்கர அச்சோ முன் ஃபோர்க்கோ உடைஞ்சா நாம என்ன பண்ணுவோம்? உருட்டிக்கிட்டே கடைக்குப் போய் மெக்கானிக்கைக் கெஞ்சுவோம். 1913-ல ஒரு பிரெஞ்சுக்காரருக்கு அந்த வசதிகூட இல்லை.

பேர் யூஜின் கிறிஸ்தோஃப். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். ஜூலை 9 அன்னிக்கு பயோன்ல இருந்து லூஷோன் வரை 326 கிலோமீட்டர் ஓட்டணும், அதுவும் பிரனீஸ் மலைகள் மேல. 2,115 மீட்டர் உயரமான டூர்மலே கணவாயைத் தாண்டி இறங்கும்போது முன் ஃபோர்க் உடைஞ்சு போச்சு. ஜெயிக்க நல்ல வாய்ப்பிருந்தவர்கள்ல இவரும் ஒருத்தர்.

பந்தயத்தை நடத்தினவர் ஆன்றி டெகிராஞ்ஜ். அவரோட விதிப்படி வண்டி உடைஞ்சா வேற வண்டி மாத்தக் கூடாது, அடுத்தவங்க உதவி வாங்கக் கூடாது. மனுஷன் சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு பத்து கிலோமீட்டருக்கு மேல நடந்தே சென்ட் மாரி தெ கம்பான் கிராமத்துக்கு வந்தார். அங்க ஒரு கொல்லன் பட்டறை. கொல்லர் வாயால வழி சொல்லலாம், கையால தொடக் கூடாது. பந்தய அதிகாரிகள் பக்கத்துலயே நின்னு கண்காணிச்சாங்க. கிறிஸ்தோஃப் இரும்பைக் காய்ச்சி, அடிச்சு, ஃபோர்க்கைத் தானே ஒட்டவெச்சார். போன நேரம் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். அந்த வருஷம்தான் புள்ளிக்கணக்கை விட்டுட்டு நேரக்கணக்குக்குத் திரும்பியிருந்தாங்க, கோப்பை அத்தோட போச்சு!

அதுக்கு மேல ஒரு தண்டனை வேற. ஒரு சின்னப் பையன் துருத்தி ஊதினானாம், அது வெளி உதவியாம். முதல்ல 10 நிமிஷம், அப்புறம் மனசு இறங்கி 3 நிமிஷம்.

பட்டறையைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஒரு கை இடுக்கிக்கு, ஒரு கை சுத்தியலுக்கு. துருத்திக்கு மூணாவது கைக்கு எங்க போறது? உலை பக்கமே போகாத யாரோ எழுதின விதின்னுதான் எனக்குத் தோணுது.

ஆறு வருஷம் கழிச்சு 1919-ல மஞ்சள் சட்டை வந்தது. அதை முதல்ல போட்டவர் இதே கிறிஸ்தோஃப்தான். கடைசிக்கு முந்தின கட்டத்துல, வாலன்சியன் பக்கத்துல, மறுபடியும் ஃபோர்க் உடைஞ்சது! மறுபடியும் தானே சரிபண்ணி மூணாவதா வந்தார். மக்கள் சும்மா இருக்கலை, நிதி திரட்டிக் கொடுத்தாங்க.

டூர் கோப்பையை அவர் கடைசிவரை ஜெயிக்கவே இல்லை. ஆனா அந்த மலைக் கிராமத்துல நினைவுப் பலகை இருக்கிறது அவருக்குத்தான். 1913-ல ஜெயிச்ச ஃபிலிப் திஸ் பேர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்க :-)