சோக்கேகிராவுக்கு வழி எந்தப் பக்கம்? பிங்காமின் ‘எல்லைக் கோட்டை’ முடிவு பற்றிய மறுஆய்வு

பெரு நாட்டின் அபுரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே, ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரத்தில், ஒரு மலைமுதுகின் மேல் கிடக்கும் இன்கா இடிபாடு சோக்கேகிராவ். அதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஹைராம் பிங்காமின் முடிவிலிருந்தே தொடங்குகின்றனர். 1909 பிப்ரவரியில் அங்கே சென்ற பிங்காம், அடுத்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலும் 1911இல் அச்சான பயண நூலிலும் அவ்விடத்தை எல்லைக் கோட்டை என்று வகைப்படுத்தினார். மேல் அபுரிமாக் பள்ளத்தாக்கு இன்கா நாட்டுக்குள் நுழைவதற்கு இயற்கையாகவே அமைந்த வாயில்களுள் ஒன்று. சாங்கா இனத்தாரும் கிழக்குக் காட்டின் ஆந்தி மக்களும் அவ்வழியே ஏறி வராமல் தடுக்கவே சோக்கேகிராவ் எழுப்பப்பட்டது என்பது அவர் வாதம். பிற்கால ஆய்வுகள் இதை அரச குடியிருப்பு என்றும் சடங்கு மையம் என்றும் வேறு பெயர்களில் விளக்கியிருந்தாலும், பிங்காமின் வாதத்தை அதன் அடித்தளத்தில் வைத்து மறுத்தவர்கள் குறைவு. அந்த அடித்தளம் அவர் நடந்த பாதை என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதலில் அவருக்கு உரியதைச் சொல்லிவிட வேண்டும். சார்தீஜ், அங்க்ரான் முதல் ரைமோந்தி வரை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விடத்தைப் பற்றி எழுதியோர், வில்கபம்பா இன்காக்களின் கடைசிப் புகலிடம் இதுவே என்ற எண்ணத்தை வளர்த்து வந்தனர். பிங்காம் அதை ஏற்கவில்லை. லிமாவில் வரலாற்றறிஞர் கார்லோஸ் ரொமேரோ, பாதிரியார் கலாஞ்சாவின் நாளாகமத்தைச் சான்றாகக் கொண்டு, அந்தப் புகலிடத்தைப் புக்கியூரா அருகே தேட வேண்டும் என்று காட்டியிருந்தார். பிங்காம் அதன் வலிமையை உணர்ந்துகொண்டார். 1911இல் அவர் மச்சு பிச்சு, வித்கோஸ், எஸ்பிரித்து பம்பா ஆகிய இன்கா இடிபாடுகள் வரை சென்றதற்கு வித்து இங்கே விழுந்தது. சோக்கேகிராவ் எது அன்று என்பதில் அவர் சரி. அது எது என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாண்டியாகோவில் நடந்த பான்-அமெரிக்க அறிவியல் மாநாட்டின் பேராளராக வந்து, பழைய வணிகப் பாதைவழி லிமா நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர் அவர். அபுரிமாக் மாவட்ட ஆட்சித் தலைவர் நுன்யேஸ் அப்போது சோக்கேகிராவில் புதையல் தேடும் குழு ஒன்றுக்குத் தலைமை வகித்தார். ‘டாக்டர்’ பட்டம் பெற்ற அரசுப் பேராளர் என்றால் தொல்பொருள் அறிந்தவராகத்தான் இருப்பார் என்று எண்ணி, அவரே பிங்காமை வற்புறுத்தி அழைத்தார். தமக்கு அத்துறையில் பயிற்சி இல்லை என்பதைப் பிங்காம் மறைக்கவில்லை. அரச புவியியல் கழகத்தின் பயணிகள் கையேட்டைப் பார்த்துத்தான் எதை அளப்பது, எதைப் படமெடுப்பது என்று முடிவு செய்தார். அந்த நேர்மை அவர் அளவுகளுக்கு மதிப்புக் கூட்டுகிறது. ஆனால் அளவு வேறு, விளக்கம் வேறு.

மழைக்காலத்தின் உச்சம் பிப்ரவரி. அபுரிமாக் வெள்ளத்தில் இரைந்துகொண்டிருந்தது. புதையல் குழு தந்திக் கம்பிகளைக் கொண்டு ஆற்றின் மேல் குறுகலான தொங்குபாலம் ஒன்றைக் கட்டியிருந்தது. முதல் கயிற்றை மறுகரைக்குக் கொண்டு சேர்த்தவர் பெருவின் மலைகளில் நெடுங்காலம் அலைந்து திரிந்த முதிய சீன வணிகர் ஒருவர் என்று பிங்காம் எழுதுகிறார். (அவர் பெயரை ஒருவரும் பதிவு செய்யவில்லை. மன்னர் பெயரும் ஆட்சித் தலைவர் பெயரும் நிறைந்த இந்த வரலாற்றில் அந்த வெற்றிடம் உறுத்துகிறது.) தெற்கே கச்சோராவிலிருந்து இறங்கி, அந்தப் பாலத்தில் ஆற்றைக் கடந்து, மறுபக்கச் செங்குத்தில் ஏறித்தான் பிங்காம் இடிபாட்டை அடைந்தார்.

இன்றைய மலைநடைக்காரர்கள் செல்வதும் ஏறத்தாழ அதே வழி. கச்சோராவை விட்டதும் கப்புலியோக் கணவாய் வரை எளிது. அங்கிருந்து முழங்கால் நோக வளைந்து வளைந்து இறங்கினால், 1,500 மீட்டர் உயரத்தில் பிளாயா ரோசலினா. காற்றில் அனல், காதில் கொசு. ஆற்றைக் கடந்ததும் சாண்டா ரோசா, மராம்பத்தா என்று, இறங்கிய உயரம் முழுவதையும் மீண்டும் ஏறியாக வேண்டும். போக ஏறத்தாழ 30 கிலோமீட்டர், திரும்ப அதே அளவு. நான்கு நாள் நடை. இப்படிக் கீழிருந்து அண்ணாந்து வருபவர் கண்ணுக்கு அந்த மலைமுதுகு எதிரியைத் தடுக்க எழுந்த மதிலாகத்தான் படும். பாறைச் சரிவே அரண், ஆறே அகழி. பிங்காமின் முடிவு இந்த ஏற்றத்திலேயே உருவாகிவிட்டது என்பது என் கணிப்பு.

அவர் வாதத்தை அதன் சொந்த நிலத்தில் வைத்துச் சோதிப்போம். அபுரிமாக்கைக் கடந்து குஸ்கோவுக்குப் போன இன்காப் பெருவழி சோக்கேகிராவின் கீழே செல்லவில்லை. அது வெகுதொலைவு மேலே, கூரவாசிப் பக்கம், புகழ்பெற்ற கயிற்றுப் பாலத்தில் ஆற்றைக் கடந்தது. 1877இல் வெளியான ஸ்குவையரின் நூலில் உள்ள ஓவியத்தால் உலகறிந்தது அந்தப் பாலம். படை வரக்கூடிய வாயில் அதுவே. சோக்கேகிராவ் அந்த வாயிலிலிருந்து ஆற்றோட்டத்தில் கீழே, வேறோர் இடுக்கில் இருக்கிறது. அதன் அடியில் ஆற்றங்கரையை ஒட்டி நடக்கவும் வழியில்லை. யாரும் நுழைய முடியாத பள்ளத்தைக் காக்க எதற்குக் கோட்டை? சாங்காக்களைப் பொறுத்தவரை இடர்ப்பாடு இன்னும் பெரிது. அவர்களை இன்கா மன்னர் பச்சகூத்தி வென்ற நிகழ்வை மரபான காலவரிசை 1438ஐ ஒட்டி வைக்கிறது. கட்டட அமைப்பை வைத்து ஆய்வாளர்கள் சீக்லரும் மால்வில்லும் சோக்கேகிராவைப் பச்சகூத்தியின் மகன் தோப்பா இன்காவோடு இணைக்கின்றனர். அப்படியானால் தோற்றுப்போன பகைவரைத் தடுக்க அடுத்த தலைமுறை அரண் கட்டியதாக ஆகிறது. 1438 என்ற ஆண்டே கரிமக் காலக்கணிப்புகளால் ஐயத்துக்கு உள்ளாகியிருப்பதால் இந்த வாதத்தை ஓரளவுக்கு மேல் நான் இழுக்கவில்லை. பெருவழி இருக்கும் இடம் பற்றிய வாதத்துக்கு அந்த ஐயம் எதுவும் இல்லை.

தளத்தின் அமைப்பும் கோட்டைக்கு ஒத்துவரவில்லை. மேல் சதுக்கம், கீழ்ச் சதுக்கம், களஞ்சியங்கள், மேலிருந்து நீர் கொண்டுவரும் கல் கால்வாய், சடங்குத் தொட்டிகள், தெற்கு முனையில் உச்சி மட்டமாக வெட்டப்பட்ட குன்று. கோட்டை என்று முன்பே முடிவு செய்தவருக்கு அந்தக் குன்று காவல்மேடு. இன்கா ஊர் அமைப்பை அறிந்தவருக்கு அது சடங்கு மேடை. மேற்குச் சரிவில் 2004ஐ ஒட்டி வெளிச்சத்துக்கு வந்த படிக்கட்டு வயல்களின் சுவர்களில், கரும்பாறைக்கு நடுவே வெண்கற்களைப் பதித்து இருபதுக்கும் மேற்பட்ட லாமா விலங்கு உருவங்கள் அமைக்கப்பட்டுள்ளன. இந்தக் கைவண்ணத்தில் வடக்கே இருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட சச்சபோயா தொழிலாளரின் தடம் தெரிவதாகப் பல ஆய்வாளர் கருதுகின்றனர். பிங்காம் காலத்தில் இவை புதருக்குள் கிடந்தன. ஆகவே அவற்றைக் காணாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றும் ‘கோட்டை’ என்று எழுதுவோருக்கு அந்தச் சலுகை இல்லை.

பிங்காமின் முடிவுக்கு எதிராக அவர் நூலிலேயே ஒரு சான்று கிடக்கிறது. கட்டடம் ஒன்றின் பலகைக்கற்களில் தமக்கு முன் வந்தவர்கள் கீறிவைத்த பெயர்களை அவர் குறித்துவைத்தார். 1834: எழேன் தெ சார்தீஜ், ஹோசே மரியா தெஹாதா, மார்செலினோ லியோன். 1861: ஹோசே பெனிக்னோ சமானேஸ், ஹுவான் மனுவேல் ரிவாஸ் பிளாத்தா, மரியானா சிஸ்நெரோஸ். 1885 ஜூலை 4: பியோ மொக்ரோவேஹோ. இன்கா எழுத்தில்லாத இடத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் கல்லெழுத்து இவ்வளவுதான். இதுவரை இதை முன்னோடிகளின் பட்டியலாக மட்டுமே பயன்படுத்தியுள்ளனர். பாதையின் வரலாற்றுக்கு இது சான்று என்று நான் கொள்கிறேன்.

இந்தப் பட்டியலை எழுத்துக்கு எழுத்து எடுத்த படியாக நம்ப முடியாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். சமானேஸ் குடியரசுத் தலைவர் காஸ்தியாவின் பெயரால் வந்ததாகவும், மொக்ரோவேஹோவோடு அல்மன்சா என்ற பெயருடைய மூவரும் வேலையாட்களும் வந்து புதையல் தேடியதாகவும் பிங்காம் சேர்த்துச் சொல்கிறார். இவற்றுள் எது கல்லில் இருந்தது, எது மலையில் கேட்ட செய்தி என்பதை அவர் பிரித்துக் காட்டவில்லை. ‘ஒரு கூட்டம் வேலையாட்கள்’ என்று யாரும் கல்லில் கீற மாட்டார்கள். அங்கே பேசுவது பிங்காம். ஆயினும் ஆண்டுகள் உறுதியாகவே படுகின்றன. ரமோன் காஸ்தியா 1862 வரை பதவியில் இருந்தார். 1861 அதற்குப் பொருந்துகிறது. சமானேஸ் பிற்காலத்தில் அபுரிமாக் முதல் உக்காயாலி வரை ஆறுகளை ஆராய்ந்தவர். ஆகவே அவர் இங்கே வந்ததில் வியப்பில்லை.

‘மரியானா’ என்ற பெயர் என்னை நிறுத்துகிறது. அது பெண்பெயர். ஆண்பெயராக வேண்டுமானால் கடைசி எழுத்து ஒன்று மாற வேண்டும். ஈரக்கல்லில், மழையில், கத்திமுனைக் கீறலைப் படித்த கண் அந்த ஓர் எழுத்தில் தவறியிருக்கலாம். 1861இல் அந்த மலையேற்றத்தில் ஒரு பெண் இருந்திருக்கவும் கூடும். இவ்விடத்தை முதலில் அடைந்த பெண் என்று சிலர் எழுதிவிடத் துடிப்பது புரிகிறது. அச்சுப் பிரதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இருபாடமாகவே விடுகிறேன்.

பாதை வரலாற்றுக்கு முக்கியம் 1834. பிரெஞ்சுத் தூதரகப் பணியாளரான சார்தீஜ் தம் பயணத்தை 1850களின் தொடக்கத்தில் லவாந்தே என்ற புனைபெயரில் பாரிஸ் இதழில் எழுதினார். அவர் வந்தது கச்சோராப் பக்கமிருந்து அன்று. வடக்கே, பனிமலைத் தொடருக்கு அப்பாலிருந்து, காட்டை வெட்டி வழி செய்துகொண்டு வந்தார். அபுரிமாக்கை அவர் கடக்க வேண்டியிருக்கவில்லை. 1861, 1885 ஆண்டுக் குழுக்கள் எப்பக்கமிருந்து வந்தன என்பதைக் கற்கள் சொல்லவில்லை. ஜூலை வறட்சிப் பருவம், ஆறு வடிந்திருக்கும் காலம் என்பதால் மொக்ரோவேஹோ தெற்கிலிருந்து கடந்திருக்கவும் வாய்ப்புண்டு. எனினும் கல்லில் முதலில் பதிந்த பெயருக்கு உரியவர் பின்வாசலாக இன்று கருதப்படும் பக்கத்திலிருந்து வந்தவர். எனக்கு அதுவே முன்வாசல்.

இனி என் சான்று மெலிந்த இடத்துக்கு வருகிறேன். அங்கேதான் அழுத்திப் பேச வேண்டியிருக்கிறது. தளத்திலிருந்து வடக்கே மலைமுதுகைக் கடந்து இறங்கினால் பிஞ்சா உனுயோக். இன்றும் நீர் ஓடும் ஊற்றுத் தொட்டிகளோடு கூடிய இன்காப் படிக்கட்டு வயல்கள் அவ்வழியின் மேலேயே உள்ளன. அதற்கும் கீழே ரியோ பிளாங்கோ ஓடை, மறுபக்கம் மாய்சால் ஏற்றம், பழைய விக்டோரியா வெள்ளிச் சுரங்கங்களை ஒட்டிக் கல் பாவிய இன்காச் சாலைத் துண்டுகள், 4,100 மீட்டரைத் தாண்டும் கணவாய், பிறகு யானாமா. யானாமாவில் வழி கிளைக்கிறது. கிழக்கே இன்னும் உயர்ந்த கணவாயைத் தாண்டினால் சாண்டா தெரேசா வழியாக மச்சு பிச்சு, மொத்தம் எட்டு ஒன்பது நாள் நடை. வடக்கே சோக்கேதகார்ப்போ கணவாயைத் தாண்டினால் உவான்ககாயே, அதாவது வித்கோஸின் அடிவாரம். அந்தக் கணவாயிலும் இன்காக் கல்பாவிய பாதை அகலமாகக் கிடக்கிறது. வயல், ஊற்று, கல் பாவிய சாலை, சுரங்கம் ஆகிய அனைத்தும் ஒரே திசையில் அடுத்தடுத்து வருகின்றன. தெற்குச் சரிவில் இதற்கு ஈடான தொடர்ச்சியை எந்த அறிக்கையிலும் நான் காணவில்லை. தெற்கே இருந்த சாலையை மண்சரிவு விழுங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அச்சரிவு அடிக்கடி இடிந்து விழுவது உண்மை. ஆனால் சாலை அழிந்தாலும், அதைச் சார்ந்து வாழ்ந்த தங்கல்மனைகளும் களஞ்சியங்களும் எங்காவது ஒரு திட்டில் எஞ்சியிருக்க வேண்டும்.

எனவே சோக்கேகிராவை வில்கபம்பா மலைத்தொடரின் தென் நுனியாக, வடக்கிலிருந்து உணவும் உலோகமும் ஆளும் வந்து சேர்ந்த அரச இடமாகக் கொள்வதே பொருத்தம். ஆறு அதன் எல்லை என்பது உண்மைதான். ஆனால் வாயில் எதிர்ப்பக்கம் இருந்தது. வடக்குச் சாலையின் காலம் பற்றி எனக்கு இரு மனம். தோப்பா இன்கா காலத்தில் கட்டடங்களோடு சேர்ந்தே அது போடப்பட்டிருக்கலாம். அல்லது 1537க்கும் 1572க்கும் இடையே வில்கபம்பாவில் அரசு நடத்திய இன்கா மன்னர் மான்கோவும் அவர் மக்களும் வித்கோஸோடு இணைக்க அதைப் புதுப்பித்திருக்கலாம். பின்னதற்குச் சான்று கிடைத்தால், சார்தீஜும் ரைமோந்தியும் சொன்ன ‘புகலிடம்’ ஒரு சிறு அளவில் மீண்டும் உயிர்பெறும். அதற்கு நான் அஞ்சவில்லை.

1909 பாலத்துக்குப் பிறகு தெற்கு வழியே வழக்கமாகிவிட்டது. தொல்லியல் சீரமைப்பு 1990களில் வேகம் பெற்றபோதும் ஆட்களும் கோவேறு கழுதைகளும் கச்சோரா வழியே ஏறினர். இன்று வரை காடு நீக்கப்பட்டிருப்பது தளத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவே என்பது பொதுவான மதிப்பீடு. பல ஆண்டுகளாகப் பேசப்படும் கம்பிவடப் பெட்டித் திட்டமும் அபுரிமாக் பக்கமிருந்தே ஏற வேண்டும் என்று வகுக்கப்பட்டது. அது நிறைவேறினால் வருவோர் எண்ணிக்கை பெருகும். வடக்குச் சரிவில் தோண்ட வேண்டியதைத் தோண்டும் அவசரம் குறையும். பிஞ்சா உனுயோக்குக்கும் ரியோ பிளாங்கோவுக்கும் இடைப்பட்ட சாலையின் அடிமண்ணில் கரிமச் சான்று எடுப்பதும், பலகைக்கற்களில் எஞ்சியுள்ள கீறல்களைச் சாய்ந்த ஒளியில் படமெடுத்துப் பிங்காமின் பட்டியலோடு ஒப்பிடுவதும் அந்தத் திட்டத்துக்கு முன் நடந்தாக வேண்டிய வேலைகள்.