பாராசெய்லிங், பாராகிளைடிங்: பறப்பதற்கு முன் சுற்றுலாப் பயணிகள் அறிய வேண்டியவை

கோவையிலிருந்து வாளையாறு, பாலக்காடு வழியாகவும், தேனியிலிருந்து குமுளி, பீர்மேடு வழியாகவும் விடுமுறைக்குக் கேரளம் செல்லும் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் படகு சவாரி, தேயிலைத் தோட்டம் ஆகியவற்றுடன் அண்மைக் காலமாக ஒரு 'பறக்கும் அனுபவமும்' சேர்ந்துகொண்டுள்ளது. பறப்பது சில நிமிடங்கள்தான். அதற்கான முடிவும் பெரும்பாலும் கடற்கரையிலோ மலைமுகட்டிலோ நின்றபடி சில நிமிடங்களில் எடுக்கப்படுகிறது. எதில் ஏறுகிறோம், அதைக் கீழே இறக்குவது எது என்பதை அறியாமலே பலர் பட்டையை மாட்டிக்கொள்கின்றனர்.

பேச்சு வழக்கில் எல்லாமே 'பாராசூட் சவாரி' என்று அழைக்கப்படுவதே குழப்பத்தின் தொடக்கம். பாராசெய்லிங் என்பது, விரிந்த பாராசூட்டில் கட்டப்பட்ட பயணியைப் படகோ வாகனமோ கயிற்றால் இழுத்து உயர்த்துவது. பாராகிளைடிங்கில் கயிறு கிடையாது. மலைச்சரிவிலிருந்து ஓடிக் கிளம்பி, காற்றில் மிதந்து, பைலட் விரும்பும் இடத்தில் இறங்குவது அது. முன்னதில் பயணியின் உயிர் கயிற்றிலும் படகோட்டியின் கையிலும் இருக்கிறது. பின்னதில் அது பைலட்டின் கையில் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான எஜமானன் காற்று.

பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் கடற்கரை இல்லை. எனவே படகு இழுக்கும் பாராசெய்லிங்கை அங்கே தேட வேண்டியதில்லை. அதற்குக் கடலோர மாவட்டங்களுக்கோ கோவாவுக்கோதான் செல்ல வேண்டும். இடுக்கியில் கிடைப்பது பாராகிளைடிங். பீர்மேடு வட்டத்தில், கோட்டயம் மாவட்ட எல்லையை ஒட்டிய வாகமண் அதற்குப் பெயர்பெற்ற இடம்.

கயிறு செய்யும் வேலை

இழுத்து உயர்த்தும் பாராசூட்டை 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் பிரான்சைச் சேர்ந்த பியேர் லெமோயின். பாராசூட் வீரர்களுக்கு விமானம் இல்லாமலே பயிற்சி அளிக்க அது பயன்பட்டது. பின்னர் படகின் பின்புறத்தில் மேடையும் கயிறு சுற்றும் உருளையும் பொருத்தப்பட்ட பிறகே அது சுற்றுலா விளையாட்டாகப் பரவியது. அத்தகைய படகில் பயணி மேடையிலிருந்தே எழுந்து மேடையிலேயே இறங்குகிறார். மணலில் ஓடிக் கிளம்பும் முறை இதைவிடக் கடினமானது. கயிறு இறுகும் நொடியில் கால் இடறினால் காயம் உறுதி. மைதானத்தில் ஜீப் கட்டி இழுக்கும் மூன்றாவது முறையும் உண்டு. அங்கே கீழே இருப்பது தண்ணீர் அன்று, தரை. 2016-ஆம் ஆண்டு கோவையில் இவ்வாறு பறந்த 53 வயதுத் தொழிலதிபர் ஒருவர், உடலைப் பிணைத்திருந்த பட்டை விலகியதால் உயரத்திலிருந்து விழுந்து உயிரிழந்தார். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களால் எளிதில் மறக்க இயலாது.

கயிறு அறுந்தால் பயணி உடனே கல்லைப் போல விழுந்துவிடுவார் என்பது பொதுவான அச்சம். உண்மையில் பாராசூட் விரிந்த நிலையிலேயே இருக்கும். அது மெதுவாக இறங்கும். 2021 நவம்பரில் டையூவின் நாகோவா கடற்கரையில் கயிறு அறுந்து கடலில் விழுந்த தம்பதி, உயிர்காப்பு உடை அணிந்திருந்ததால் பாதிப்பின்றி மீட்கப்பட்டனர். ஆபத்து எங்கே என்றால், கட்டவிழ்ந்த பாராசூட் காற்றின் போக்கிலேயே போகும். காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசினால், அது செல்லும் வழியில் கட்டடங்களும் மின்கம்பிகளும் இருக்கும். 2013 ஜூலையில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பனாமா சிட்டி கடற்கரையில் கயிறு அறுந்து, இரண்டு சிறுமியர் அடுக்குமாடிக் கட்டடத்திலும் மின்கம்பியிலும் மோதிப் படுகாயமடைந்தனர். கேரளக் கடற்கரையிலும் நண்பகலுக்குப் பின் கடற்காற்று கரையை நோக்கி வலுப்பெறுவது வழக்கம் என்பதால், காலை நேரச் சவாரிக்கும் மாலை நேரச் சவாரிக்கும் இடையே உள்ள வேறுபாடு வெயிலைப் பொறுத்தது மட்டும் அன்று.

அதுவரை தாங்கிய கயிறு திடீரென அறுவது ஏன்? காற்றின் வேகம் இரு மடங்கானால் பாராசூட்டின் இழுவிசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இதமாக இருக்கும் காற்று 30 கி.மீ. ஆகும்போது, பார்வைக்குப் பாதியளவே கூடியிருந்தாலும், கயிற்றின் மேல் விழும் பளு இரண்டே கால் மடங்கு. பலத்த காற்றில் பாராசூட் படகையே பின்னோக்கி இழுத்த நிகழ்வுகள் உண்டு. உப்பும் வெயிலும் அரித்த கயிறு, அதில் போட்ட முடிச்சு ஆகிய இரண்டும் சேரும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. முடிச்சு விழுந்த இடத்தில் கயிறு தன் வலிமையில் கணிசமான பகுதியை இழக்கிறது. பலத்த காற்று, தேய்ந்த கருவிகள், நைந்த இழுகயிறு ஆகியவற்றையே அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 2014-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் சுட்டிக்காட்டியது.

அதே ஆண்டு புளோரிடாவில் நடைமுறைக்கு வந்த சட்டம் எண்களாலேயே பேசுகிறது. தொடர்ந்து வீசும் காற்று மணிக்கு 20 மைலை, அதாவது சுமார் 32 கி.மீ.யைத் தாண்டினாலோ, திடீர் வீச்சு 25 மைலை, அதாவது சுமார் 40 கி.மீ.யைத் தாண்டினாலோ, 7 மைல் தொலைவுக்குள் மின்னல் தென்பட்டாலோ பறக்கவிடக் கூடாது. இந்தச் சட்டத்துக்கு வைக்கப்பட்ட பெயர், பாராசெய்லிங் விபத்துகளில் உயிரிழந்த இரு பெண்களின் பெயர். நம் கடற்கரைகளில் நிற்பவருக்கும் இந்த எண்கள் பயன்படும்: கைப்பேசியின் வானிலைச் செயலியில் காற்றின் வேகம் இருக்கிறது. கடல்பரப்பு முழுவதும் வெண்ணுரை எழுந்திருந்தால் செயலிகூடத் தேவையில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று

மேற்குத் தொடர்ச்சி மலையில், வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையே விழுந்த பெரும் இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 முதல் 40 கி.மீ. வரை அகலம் கொண்ட இது, காற்றுக்கு ஒரு புனலாகச் செயல்படுகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து பாய்ந்துவரும் காற்றை நம்பியே உடுமலைப்பேட்டை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகள் நிற்கின்றன. பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டிலும் காற்றாலைகள் உண்டு. மார்கழி, தை மாதங்களில் காற்று திசை மாறி, கிழக்கிலிருந்து பாலக்காட்டுக்குள் நுழைகிறது.

இதன் செயல்முறை விளக்கம் 2025 ஜனவரியில் கிடைத்தது. பொள்ளாச்சியில் நடந்த சர்வதேச பலூன் திருவிழாவில் கிளம்பிய யானை வடிவ வெப்பக்காற்று பலூன், மாநில எல்லையைக் கடந்து பாலக்காடு மாவட்டம் சித்தூர் பகுதியில் உள்ள கன்னிமாரியில் வயலில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. பலூனுக்குச் சுக்கான் கிடையாது. காற்று எங்கே கொண்டு செல்கிறதோ அங்கேதான் இறங்க முடியும். ஊர் மக்களுக்கு அது வேடிக்கை. வானில் ஏற விரும்புவோருக்கோ அது பாடம்: இந்தப் பகுதியில் காற்றின் திசையை மாதம் தீர்மானிக்கிறது, வேகத்தை நேரம் தீர்மானிக்கிறது.

பாராகிளைடர் பலூனைப் போன்றதன்று, அதைத் திருப்பலாம். ஆனால் அதன் இயல்பான வேகம் மணிக்கு 35 முதல் 40 கி.மீ. அளவில்தான். எதிர்காற்று அதைவிட வலுத்தால் கிளைடர் முன்னோக்கிப் பார்த்தபடியே பின்னோக்கிச் செல்லும். மலைமுகட்டின் பின்புறத்திலோ காற்று சுழலாக மாறி இறக்கையை மடக்கிவிடும். ஆகவேதான் பைலட்டுகள் கிளம்பும் இடத்தில் காற்றுப் பையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் காத்திருப்பது உண்டு. அந்தக் காத்திருப்பைக் கண்டு பொறுமையிழப்பவர்கள், காத்திருக்காத பைலட்டைக் கண்டே அஞ்ச வேண்டும்.

வாகமண், வர்க்கலா

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் புல்மேடுகளாக விரிந்து கிடக்கும் வாகமணில், கோலாகலமேட்டுப் பகுதி பாராகிளைடிங் களமாக உள்ளது. கேரள சாகச சுற்றுலா மேம்பாட்டுச் சங்கமும் இடுக்கி மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் குழுவும் 2024 மார்ச்சில் இங்கே சர்வதேசப் போட்டியை நடத்தின. கிளம்பிய மேட்டிலேயே குறித்த புள்ளியில் இறங்குவதுதான் போட்டி. மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் உண்டு: பருவமழைக் காலத்தில் மூடுபனியும் பலத்த காற்றும் மலையைச் சூழ்ந்துகொள்ளும். ஜூன், ஜூலையில் வாகமண் செல்வோர் பறக்கும் ஆசையை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது.

பயணிகளுக்கான பறப்பில் முன்னால் பயணியும் பின்னால் பைலட்டுமாக இருவர் ஒரே இறக்கையில் செல்வர். பயணி செய்ய வேண்டியது ஒன்றே: ஓடு என்றால் கால் தரையை விடும்வரை ஓட வேண்டும். பாதி வழியில் உட்கார்ந்துவிடுவது புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. கிளம்பும் முன் தொடைப் பட்டைகள் இரண்டும் பூட்டப்பட்டுள்ளனவா என்பதைப் பயணியும் தம் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடைப் பட்டை பூட்டப்படாமல் எழும்பியதால் நேர்ந்த மரணங்கள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. தலைக்கவசமும், பைலட்டின் இருக்கையில் அவசரகாலப் பாராசூட்டும் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

தமிழகப் பயணிகளுக்கு அதிகம் நினைவிருக்கும் நிகழ்வு திருவனந்தபுரம் மாவட்டம் வர்க்கலாவில் நடந்தது. 2023 மார்ச் 7 அன்று பாபநாசம் கடற்கரையில், கோவையைச் சேர்ந்த இளம்பெண்ணும் பயிற்சியாளரும் சென்ற பாராகிளைடர், உயர்கோபுர மின்விளக்குக் கம்பத்தில் சிக்கிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருவரும் உச்சியில் தொங்கினர். பின்னர் தீயணைப்புப் படையினரும் காவல்துறையினரும் கீழே பாதுகாப்பு ஏற்பாடு செய்து அவர்களை மீட்டனர். காவல்துறை வழக்குப் பதிந்து கைது நடவடிக்கையும் எடுத்தது. வர்க்கலாவில் கடற்காற்று செங்குத்துப் பாறையில் மோதி மேலெழுவதால் பறப்பது எளிது. அதே பாறையின் மேல் விடுதிகள், கம்பங்கள், கூட்டம் எல்லாம் நெருங்கி நிற்பதால் தவறுக்கு இடமில்லை.

கோவாவில் நடந்தது இன்னும் கொடியது. 2025 ஜனவரி 18 அன்று கேரி பீடபூமியிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் பாராகிளைடர் விழுந்து, புனேயைச் சேர்ந்த 27 வயதுப் பெண்ணும் நேபாளத்தைச் சேர்ந்த 26 வயதுப் பைலட்டும் உயிரிழந்தனர். அந்த நிறுவனம் அனுமதியின்றி இயங்கியதாகக் காவல்துறை தெரிவித்தது. உயரத்தில் நடக்கும் எல்லா வேடிக்கைக்கும் இதே கேள்வி பொருந்தும்: 2025 நவம்பரில் மூணாறு அருகே ஆனச்சாலில், கிரேன் கோளாறால் அந்தரத்து உணவகத்தில் சிக்கிய சுற்றுலாப் பயணிகளைத் தீயணைப்புப் படையினர் இறக்க நேர்ந்தது.

விதியும் பொறுப்பும்

மத்தியச் சுற்றுலா அமைச்சகம், இந்திய சாகசச் சுற்றுலா நிறுவனங்களின் சங்கத்துடன் இணைந்து 2018-இல் சாகசச் சுற்றுலாவுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பாராசெய்லிங்கும் பாராகிளைடிங்கும் அதில் அடங்கும். ஆனால் நெறிமுறை என்பது சட்டம் அன்று. அனுமதி, ஆய்வு, தடை எல்லாம் மாநிலங்களின் கையில் உள்ளன. கேரளத்தில் சாகசச் சுற்றுலா நடத்துவோரைப் பதிவு செய்யும் பணியைச் சாகச சுற்றுலா மேம்பாட்டுச் சங்கம் செய்கிறது. பதிவுச் சான்று கேட்பது அவமதிப்பு ஆகாது. முறையாக நடத்துபவர் அதைக் காட்டத் தயங்க மாட்டார்.

பறக்கும் முன் நீட்டப்படும் 'என் சொந்தப் பொறுப்பில்' என்ற படிவம் பலரை வாயடைக்கச் செய்கிறது. அதில் கையொப்பமிட்டதாலேயே நிறுவனத்தின் கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடாது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சேவைக் குறைபாட்டுக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இழப்பீடும் கோரலாம். எனவே பணம் செலுத்திய ரசீதை வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். மறுபுறம், பல தனிநபர் விபத்துக் காப்பீடுகள் சாகச விளையாட்டுகளை விலக்கி வைத்துள்ளன. தம் காப்பீட்டில் அவை அடங்குமா என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும்.

இதய நோயுள்ளோர், முதுகெலும்பு அல்லது மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், கர்ப்பிணிகள், மது அருந்தியோர் இவற்றைத் தவிர்க்க வேண்டும். உடல் எடையைக் கூச்சமின்றி உள்ளபடியே சொல்ல வேண்டும்; இறக்கையின் அளவும் பட்டையின் பொருத்தமும் அந்த எண்ணை வைத்தே முடிவாகின்றன. எடை குறைந்த குழந்தைகளைப் பெரியவர்களுக்கான பட்டையில் இறுக்கிக் கட்டிச் சமாளிக்க முனைவோரிடமிருந்து விலகுவது நலம்.

நடத்துபவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், கடைசியாக எந்த நாளில், எந்தக் காரணத்துக்காகச் சவாரியை நிறுத்தினீர்கள் என்று கேட்கலாம். நேற்று பிற்பகல் காற்று கூடியது, நிறுத்திவிட்டோம் என்ற பதிலில் நம்பிக்கைக்கு இடமுண்டு. இங்கே நிறுத்துவதே கிடையாது என்று பெருமையாகச் சொல்பவரிடம், முன்பணம் கட்டியிருந்தாலும் திரும்பிவிடலாம்.

விபத்து நேரிட்டால் நாடெங்கும் 112 என்ற அவசர எண்ணையும், கடலில் என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையும் அழைக்கலாம்.