கிட்ஹப்புடன் ஏஐ முகவரை இணைப்பது எப்படி? அனுமதிகளும் ஆபத்துகளும் – ஒரு விளக்கம்

புதுதில்லி: மென்பொருள் நிரல் எழுதும் பணியைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் பரவி வருகிறது. நிரல்கள் சேமிக்கப்படும் கிட்ஹப் தளத்துடன் அம்முகவர்களை இணைக்கச் சில நிமிடங்களே போதும். ஆனால், இணைக்கும்போது எந்தெந்த அனுமதிகள் வழங்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே ஒரு நிறுவனத்தின் நிரலும் வாடிக்கையாளர் தரவுகளும் பாதுகாப்பாக இருக்கும்.

கிட்ஹப் என்றால் என்ன?

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2005-ஆம் ஆண்டில் 'கிட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். நிரலின் எந்த வரியை, யார், எப்போது மாற்றினார் என்ற வரலாற்றை அது பதிவு செய்கிறது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2008-இல் தொடங்கப்பட்ட தளமே கிட்ஹப். இதனை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018-இல் 750 கோடி டாலருக்கு வாங்கியது.

ஒவ்வொரு மென்பொருளின் நிரலும் 'ரெப்பாசிட்டரி' எனப்படும் களஞ்சியத்தில் வைக்கப்படுகிறது. மாற்றம் செய்ய விரும்புபவர் தனிக் கிளை ஒன்றை உருவாக்கி அதில் பணியாற்றுவார். பின்னர், அம்மாற்றத்தை முதன்மைக் கிளையில் சேர்க்குமாறு 'புல் ரிக்வெஸ்ட்' எனப்படும் கோரிக்கையை அனுப்புவார். மற்றொருவர் அதனைச் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பது வழக்கம்.

முகவரின் பணி என்ன?

கிட்ஹப் 2021-இல் முன்னோட்டமாக வெளியிட்ட 'கோபைலட்', அடுத்து எழுத வேண்டிய வரிகளைப் பரிந்துரைக்கும் கருவியாக இருந்தது. 2025-இல் அறிமுகமான கோபைலட் முகவர், ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் கோடெக்ஸ் முகவர், ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் கோட் ஆகியவை அதற்கும் மேலான பணிகளைச் செய்கின்றன. பிழை குறித்த புகாரைப் படிப்பது, கிளை உருவாக்குவது, நிரலைத் திருத்துவது, சோதனைகளை இயக்குவது, புல் ரிக்வெஸ்ட் அனுப்புவது என முழுப் பணியையும் அவை மேற்கொள்கின்றன. இதற்குக் களஞ்சியத்தைப் படிக்கவும் எழுதவும் அவற்றுக்கு அனுமதி தேவைப்படுகிறது.

இணைக்கும் வழிகள்

முதலாவது, டோக்கன் முறை. கிட் பணிகளுக்குக் கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் வசதியை கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதி நிறுத்தியது. அதற்கு மாற்றாகப் பயன்படும் டோக்கன்களில் இரு வகைகள் உள்ளன. பழைய வகை டோக்கன், அதன் உரிமையாளர் அணுகக்கூடிய எல்லாக் களஞ்சியங்களுக்கும் கதவைத் திறந்துவிடக்கூடும். 2022-இல் அறிமுகமான நுண் அனுமதி டோக்கனை, தேர்ந்தெடுத்த களஞ்சியங்களுக்கும் குறிப்பிட்ட செயல்களுக்கும் மட்டுமே பொருந்துமாறு வரையறுக்க முடியும்.

இரண்டாவது, 'கிட்ஹப் ஆப்' முறை. இதில் முகவர் தனிச் செயலியாகக் களஞ்சியத்தில் நிறுவப்படுகிறது. ஒரு ஊழியரின் கணக்கைச் சாராமல், தனக்கென வழங்கப்பட்ட அனுமதிகளுடன் இயங்குகிறது. நிறுவலுக்காக வழங்கப்படும் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும் என்பதால், அது கசிந்தாலும் பாதிப்பு குறுகிய காலத்துக்கே இருக்கும்.

மூன்றாவது, 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' எனப்படும் நெறிமுறை. ஏஐ மாதிரிகளை வெளிக் கருவிகளுடன் இணைப்பதற்காக ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் இதனை வெளியிட்டது. கிட்ஹப்பும் இதற்கான சர்வரை வழங்குகிறது. இம்முறையிலும் முகவரின் அதிகாரம், பின்னணியில் உள்ள டோக்கனின் அனுமதிகளைப் பொறுத்தே அமைகிறது.

ஆபத்து எங்கே?

மனிதர் இடும் கட்டளையையும், தான் படிக்கும் ஆவணத்தில் உள்ள வாசகத்தையும் முகவரால் எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை. இதனைப் பயன்படுத்தி ஏமாற்றும் உத்தி 'பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்' எனப்படுகிறது.

இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2025 மே மாதத்தில் இதனைச் செய்து காட்டியது. பொதுக் களஞ்சியம் ஒன்றின் புகார்ப் பகுதியில் யார் வேண்டுமானாலும் எழுத முடியும். அங்கே தீய கட்டளை ஒன்று எழுதி வைக்கப்பட்டது. புகார்களைப் பார்க்குமாறு பணிக்கப்பட்ட முகவர், அக்கட்டளையை ஏற்று, அதே நபரின் தனிக் களஞ்சியத் தகவல்களைப் பொதுக் களஞ்சியத்தில் வெளியிட்டது. இரண்டையும் அணுகும் அனுமதி ஒரே டோக்கனில் இருந்ததே இதற்கு வழிவகுத்தது.

களஞ்சியத்தில் சாவிகளை வைப்பதன் விளைவுக்கு, ஏஐ முகவர்கள் வருவதற்கு முந்தைய உபர் நிகழ்வு சான்றாகும். 2016-இல் அந்நிறுவனத்தின் தனிக் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள், அங்கிருந்த அமேசான் கிளவுட் சேவைக்கான சாவியைக் கொண்டு சுமார் 5.7 கோடி பேரின் தரவுகளை எடுத்தனர். இது தொடர்பாக 2018-இல் அமெரிக்க மாகாணங்களுக்கு 14.8 கோடி டாலர் செலுத்த உபர் உடன்பட்டது.

கடைப்பிடிக்க வேண்டியவை

* நிறுவும்போது 'எல்லாக் களஞ்சியங்களும்' என்பதைத் தவிர்த்து, தேவையானவற்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

* முதன்மைக் கிளைக்குப் பாதுகாப்பு விதி அமைத்து, மனிதர் ஒருவரின் ஒப்புதலின்றி எந்த மாற்றமும் சேராதவாறு தடுக்க வேண்டும்.

* சாவிகளையும் கடவுச்சொற்களையும் நிரலுக்குள் எழுதாமல், 'சீக்ரெட்ஸ்' பகுதியில் சேமிக்க வேண்டும்.

* பொதுக் களஞ்சியத்தில் பணியாற்றும் முகவருக்குத் தனிக் களஞ்சிய அனுமதியைச் சேர்த்து வழங்கக் கூடாது.

* டோக்கன் கசிந்தால், முதலில் அதனை ரத்து செய்ய வேண்டும். அந்த வரியை அழிப்பது மட்டும் போதாது. கிட் வரலாற்றில் அது தொடர்ந்து இருக்கும்.

இந்தியாவுக்கு ஏன் முக்கியம்?

கிட்ஹப்பைப் பயன்படுத்தும் நிரலாளர் எண்ணிக்கையில் 2028-க்குள் இந்தியா உலகில் முதலிடம் பெறும் என அந்நிறுவனம் 2024-இல் கணித்தது. மறுபுறம், சட்டப் பொறுப்பும் கூடியுள்ளது. குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என செர்ட்-இன் அமைப்பு 2022-இல் உத்தரவிட்டது. தனிநபர் தரவுகளுக்குப் போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க, எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வகை செய்கிறது. தவறு ஏஐ முகவரால் நேர்ந்தது என்றாலும், தரவுகளைப் பாதுகாக்கும் பொறுப்பு அவற்றைக் கையாளும் நிறுவனத்தையே சாரும்.