வெறும் பிளம் பழத்துக்காக

பிரெஞ்சு பாஷையில் ஒரு வழக்கு உண்டு. அலைந்து திரிந்து, பாடுபட்டு, கடைசியில் வெறுங்கையோடு ஒருவன் வீடு திரும்பினால், "பிளம் பழத்துக்காகப் போய் வந்தான்" என்பார்கள். நாம் "உப்புக்குப் பெறாத காரியம்" என்று சொல்கிறோமே, அதைப் போல. உப்பில்லாமல் ஒரு நாள் சமைத்துப் பார்த்தால்தான் உப்புக்கு என்ன பெறும் என்பது தெரியும். பிளம் பழத்தின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

பிரான்ஸின் தென்மேற்கே, போர்தோ நகருக்கும் தூலூஸ் நகருக்கும் நடுவே, லோத் என்ற நதி வந்து காரோன் நதியில் கலக்கிறது. அந்த நதிக்கரைகளில் விளையும் ஒருவகைப் பிளம் பழத்தை உலர்த்தி, கன்னங்கரேல் என்று சுருங்கியபின் விற்கிறார்கள். அஜேன் பழம் என்று அதற்குப் பெயர். குளிர்காலத்தில் மரங்களெல்லாம் மொட்டையாக நிற்கும்போது, அந்த ஊர்ப் பெண்கள் இந்தப் பழத்தை வைத்து ஒரு பண்டம் சுடுவார்கள். அதுதான் டார்ட்.

டார்ட் என்பது பெரிய மர்மம் அல்ல. மாவில் பாதி எடை வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர். வெண்ணெய் உருகிவிடாதபடி விரல் நுனியால் பிசிறி, அதிகம் பிசையாமல் உருட்டி, சற்று நேரம் அப்படியே ஆறப்போட வேண்டும். பொறுமையில்லாமல் உடனே தட்டினால் அடுப்பில் சுருங்கிவிடும். பிறகு வட்டமாகத் தேய்த்துத் தட்டில் பரப்பி, அடிப்பாகம் உப்பி எழாமல் இருக்க உலர்ந்த மொச்சைக் கொட்டைகளைப் பாரமாகப் போட்டு, ஒருமுறை வெறுமே சுட்டு எடுப்பார்கள். முன்னாள் இரவே தேயிலைத் தண்ணீரிலோ, அந்த ஊர்த் திராட்சைச் சாராயத்திலோ ஊறவைத்த பழங்களைக் கொட்டை நீக்கி அதில் அடுக்குவார்கள். மேலே முட்டையும் பாலேடும் கலந்து ஊற்றி மறுபடியும் அடுப்பில் வைத்தால் தீர்ந்தது. கஸ்கோனி நாட்டுப்புறத்தில் இன்னொரு விதமும் உண்டு. மாவை மேஜை முழுவதும் இழுத்து இழுத்து, அடியில் இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லியதாக்கி, வாத்துக் கொழுப்பைத் தடவி, மடித்து மடித்துப் பழத்தை உள்ளே வைப்பார்கள்.

இந்தப் பழம் அந்த நாட்டுக்கு எப்படி வந்தது? அங்கே யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். 1148-ஆம் வருஷம், இரண்டாவது சிலுவைப் போர். பிரான்ஸ் தேசத்து மன்னன் ஏழாம் லூயியும், ஜெர்மானிய மன்னன் மூன்றாம் கான்ராடும், ஜெருசலேம் மன்னனும் சேர்ந்து டமாஸ்கஸ் நகரை முற்றுகையிட்டார்கள். நகரின் மேற்குப் பக்கம் முழுவதும் பழத்தோட்டங்கள். மண் சுவர்களுக்கும் மரங்களுக்கும் இடையே சண்டை நடந்தது. பிறகு என்ன நினைத்தார்களோ, தண்ணீரும் தோட்டமும் இருந்த இடத்தை விட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத கிழக்குப் பக்கத்துக்குப் படையை மாற்றினார்கள். நாலே நாளில் முற்றுகை முறிந்தது. மூன்று மன்னர்களும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அப்போது சிலர் கொண்டுவந்தது பிளம் கன்றுகள் மட்டுமே என்றும், "இந்தப் பழத்துக்காகவா அத்தனை தூரம் போனீர்கள்?" என்று ஊரார் கேட்டதிலிருந்துதான் அந்த வழக்கே பிறந்தது என்றும் கதை முடிகிறது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகையால் ஒரு கதை அளவுக்கு மீறிப் பொருந்தி வந்தால் எனக்குச் சந்தேகம் பிறந்துவிடும். முற்றுகை உண்மை, தோட்டங்கள் உண்மை, தோல்வியும் உண்மை. ஆனால் டமாஸ்கஸ் பிளம் ஐரோப்பாவுக்கு வருவதற்குச் சிலுவைப் போர் எதற்கு? வெஸூவியஸ் எரிமலை குமுறிய 79-ஆம் வருஷத்தில் மாண்டுபோன ரோமானியப் பண்டிதர் பிளினி தமது பெரிய நூலிலே அந்தப் பழத்தைக் குறிப்பிடுகிறார். ஸிரியாவின் டமாஸ்கஸ் நகரால் பெயர் பெற்ற அந்தப் பழம் இத்தாலியில் வெகுகாலமாகவே விளைகிறது என்றும், சொந்த ஊர் வெயில் கிடைக்காததால் இங்கே உலர்த்தினால் சரியாகச் சுருங்குவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். சிலுவை வீரர்களுக்கு ஆயிரம் வருஷம் முந்தியே பழம் வந்துவிட்டது. ஒரு மலிவான பழத்தை "ஒன்றுமில்லை" என்பதற்கு உவமையாகச் சொல்ல ஒரு மன்னன் தோற்றுத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஆனாலும் ஜனங்கள் அந்தக் கதையை விடமாட்டார்கள். ஏன் என்பது எனக்குப் புரிகிறது. அந்த மன்னர்கள் கொண்டுவந்ததாகச் சொல்ல வேறு எதுவும் இல்லை. ஏழாம் லூயி 1149-ல் நாடு திரும்பினான். 1152-ல் அவனுக்கும் ராணி எலினோருக்கும் திருமணம் ரத்தாயிற்று. அவள் அதே வருஷம் ஹென்றியை மணந்தாள். அவன் 1154-ல் இங்கிலாந்துக்கு அரசனானான். அவள் தாய்வீட்டுச் சொத்தான அக்வித்தேன் பிரதேசமும் ஆங்கிலேய மன்னன் கைக்குப் போயிற்று. பிளம் மரம் வளர்ந்த பூமியும் அதற்குள்தான் அடக்கம். தோல்விமேல் தோல்வி. இவ்வளவுக்கும் நடுவே ஒரு மரமாவது மிஞ்சியது என்று ஜனங்கள் நினைத்து ஆறுதல் அடைந்தால், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

யார் கொண்டுவந்தாலும், வெறும் கன்று போதாது. லோத் நதிக்கரையில் கிளேராக் என்ற ஊரில் பெனடிக்டைன் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வந்த கொம்பை உள்ளூர்ப் பிளம் மரத்தில் ஒட்டுப் போட்டுப் புது ஜாதியை உண்டாக்கியவர்கள் அந்தத் துறவிகளே என்பது அங்கே வழிவழியாக வரும் பேச்சு. அந்த மரத்துக்கு 'ஆந்த்' பிளம் என்று பெயர். பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ஒட்டு என்றுதான் அர்த்தம். நம் ஊரில் ஒட்டு மாம்பழம் என்கிறோமே, அதே மாதிரி.

1621-ல் பதின்மூன்றாம் லூயி மன்னன் கிளேராக் ஊரையே முற்றுகையிட்டான். அதற்குள் ஊர் புராட்டஸ்டெண்டு மதத்துக்கு மாறியிருந்ததுதான் குற்றம். ஊர் சரணடைந்தது. இன்று அந்த முற்றுகையை நினைவு வைத்திருப்பவர்கள் சரித்திர ஆசிரியர்கள்தாம். ஒட்டு மரமோ வருஷந்தோறும் காய்க்கிறது.

காய்த்த பழத்தை உலர்த்துவது லேசான காரியம் அல்ல. ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் வரை பழம் நன்றாகக் கனிந்து தானாக உதிரும் தறுவாய்க்குக் காத்திருக்க வேண்டும். நம் வற்றல் வடாம் மாதிரி வெயிலை மட்டும் நம்பினால் அந்தச் சீமையில் பூசணம் பூத்துவிடும். ஆகவே ரொட்டி அடுப்பை நாடினார்கள். ரொட்டி வெந்து எடுத்தபிறகு தணிந்திருக்கும் சூட்டில், பிரம்புத் தட்டுகளில் பழத்தைப் பரப்பி உள்ளே தள்ளுவார்கள். வெளியே எடுத்து ஆறவிட்டுப் புரட்டிப்போட்டு, சற்று அதிகச் சூட்டில் மறுபடியும் தள்ளுவார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. முதல் தடவையே சூடு அதிகமானால் தோல் வெடித்துச் சாறு ஒழுகிவிடும். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பழம் ஒரு கிலோவாகச் சுண்டும். செப்டம்பரில் பழத்தை உலர்த்திய அதே அடுப்புதான் ஜனவரியில் டார்ட்டையும் சுட்டது.

அந்த அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய பிரான்ஸில் பல கிராமங்களில் குடியானவன் தன் ரொட்டியைத் தன் வீட்டில் சுட்டுக்கொள்ள முடியாது. பிரபுவின் அடுப்பில்தான் சுட வேண்டும். அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். பிரபுவின் அதிகாரத்துக்குட்பட்ட அடுப்பு என்பதைக் குறித்த 'பனால்' என்ற சொல், எல்லோருக்கும் பொதுவானது என்றாகி, கடைசியில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் "சர்வ சாதாரணமானது" என்ற பொருளில் வந்து நிற்கிறது. 1789-ல் புரட்சி வெடித்த பிறகு இந்த உரிமைகள் ஆட்டம் கண்டன. 1793-ல் நஷ்டஈடு இல்லாமலே ஒழிந்தன. ஆக, சொந்த அடுப்பில் ஒரு டார்ட் சுடுவதற்குப் பின்னாலும் ஒரு புரட்சி இருக்கிறது.

இனிப்பின் கதை இன்னும் கசப்பானது. 1653-ல் பாரிஸில் வெளியான பிரெஞ்சுப் பலகார நூல் டார்ட்டுகளுக்கு விவரமாகவே முறை சொல்கிறது. ஆனால் பெரிய வீட்டு டார்ட்டுக்குச் சர்க்கரை வேண்டும். அந்தச் சர்க்கரை கடலுக்கு அப்பால் ஸேன் தொமேங் காலனியிலிருந்து வந்தது. 1789-ல் அந்தக் காலனியில் ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்புக்கும் காப்பிக்கும் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தார்கள். 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1792 ஜனவரியில் பாரிஸ் தெருக்களில் சர்க்கரை விலைக்காகக் கலவரம் நடந்தது. 1804-ல் அந்தக் காலனி ஹெய்த்தி என்ற சுதந்திர நாடாயிற்று. பிறகு நெப்போலியன் காலத்துச் சண்டையில் கடல்வழி அடைபட்டது. 1812-ல் தெலெஸேர் என்பவர் பீட் கிழங்கிலிருந்து நல்ல வெள்ளைச் சர்க்கரை காய்ச்சிக் காட்டியபோது, நெப்போலியன் தன் மார்பிலிருந்த பதக்கத்தையே கழற்றி அவருக்குக் குத்தினான் என்பார்கள்.

இந்த அமளியெல்லாம் லோத் நதிக்கரைக் குடியானவளைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றே நினைக்கிறேன். உலர்ந்த பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இனிப்புதான். அது அவள் வெயிலிலும் அடுப்படியிலும் நின்று சேர்த்தது. இன்னொருத்தியின் முதுகில் சவுக்கடி விழாமல் கிடைத்த இனிப்பு. அந்தக் காலத்துப் பிரான்ஸில் அப்படிச் சொல்லக்கூடிய பண்டங்கள் அதிகம் இல்லை.

பழம் படகேறிக் காரோன் நதி வழியாகப் போர்தோ போய், அங்கிருந்து கப்பலேறியது. பெட்டிகளின் மேல் படகுத்துறையான அஜேன் ஊரின் பெயர் இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது. மாலுமிகள் ஸ்கர்வி நோய்க்கு நல்லது என்று நம்பி அதைக் கொண்டுபோனார்கள். பாவம், அந்த நோயைத் தடுக்கும் சத்து உலர்ந்த பழத்தில் அநேகமாக இல்லை. வயிற்றுக்கு நல்லது என்ற மட்டில் சரி. ஆனால் நெடுநாள் கெடாது. அப்படிப்போன பழம் வடமேற்கே பிரிட்டானி கடற்கரையில் இறங்கிற்று. அங்கே மாவும் பாலும் முட்டையும் கலந்து சுடும் 'ஃபார்' என்ற பண்டம் முதலில் இனிப்பே இல்லாமல் மாமிசத்தோடு உண்ணப்பட்டது. பழம் அதற்குள் புகுந்தபின் அது விருந்துப் பலகாரமாயிற்று. பிளம் விளையாத பூமியின் பேர்பெற்ற பண்டத்தில் பிளம் உட்கார்ந்திருக்கிறது!

இனி இன்னொரு தோல்விக்காரன். 1849-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று உலகமே ஓடியபோது, லூயி பெல்லியே என்ற பிரெஞ்சுக்காரனும் ஓடினான். தங்கம் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. 1850-ல் ஸான் ஹோஸே ஊரில் செடி கொடி வளர்த்து விற்கும் தோட்டம் போட்டான். அவன் சகோதரன் பியேர் பிரான்ஸுக்குப் போய், 1856-ல் 'ஆந்த்' பிளம் கொம்புகளோடு திரும்பினான். வழியில் காய்ந்துவிடாமல் இருக்கக் கொம்புகளின் நுனியை உருளைக்கிழங்கில் குத்தி, மரத்தூளில் புதைத்துக் கொண்டுவந்தானாம். அங்கே காட்டுப் பிளம் மரத்தில் ஒட்டுப் போட்டார்கள். சில பத்து வருஷங்களில் அந்தப் பள்ளத்தாக்கே பிளம் பூவால் வெளுத்தது. கலிபோர்னியா தாய்நாட்டையே மிஞ்சிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரங்களை வெட்டி அங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று உலகம் அதை 'சிலிக்கான் பள்ளத்தாக்கு' என்று அழைக்கிறது. பிளம் மரங்கள் வடக்கே ஸாக்ரமென்டோ பக்கம் குடிபெயர்ந்துவிட்டன.

நகரம் தேடிப்போன மன்னர்கள் நகரத்தைப் பெறவில்லை. தங்கம் தேடிப்போன குடியானவன் தங்கத்தைப் பெறவில்லை. மன்னர்களைப் பற்றிய கதை கட்டுக்கதை என்று தள்ளலாம். பெல்லியேயின் கதை நிஜம். முதல் கதையை நிஜமாக்க வேண்டும் என்றே எழுநூறு வருஷம் கழித்து ஒருவன் பிறந்து வந்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

உலர்ந்த பழத்துக்கு வியாபாரிகளின் படகுத்துறை பெயரைக் கொடுத்துவிட்டது. மரத்தின் பெயரில் மட்டும் மன்னனும் இல்லை, பிரபுவும் இல்லை, ஊரும் இல்லை. ஒரு காலத்தில் ஒருவன் கத்தியால் பட்டையைக் கீறி, கொம்பைச் செருகி, நாரால் கட்டிய அந்த ஒரு வேலை மட்டும் அதில் இருக்கிறது. அவன் பெயர் யாருக்கும் தெரியாது. வெறும் பிளம் பழத்துக்காகத்தான் அவன் அவ்வளவு சிரமப்பட்டான்.