ஒரே இலை, இரு தேயிலை: ஒரு நொதியின் வரலாறு

1762ஆம் ஆண்டில் லின்னேயஸ் தேயிலைச் செடியை இரண்டு சிற்றினங்களாகப் பிரித்துப் பெயரிட்டார். ஒன்று பசுந்தேயிலை தருவது, மற்றொன்று கருந்தேயிலை தருவது. சீனத்தின் உள்நாட்டுத் தோட்டங்கள் ஐரோப்பியர்க்கு அடைபட்டிருந்த காலம் அது. 1840களில் சீனத்திற்குள் பயணம் செய்த ராபர்ட் ஃபார்ச்சூன், ஒரே செடியின் இலையிலிருந்து இரண்டு வகையையும் செய்யலாம் என்று உறுதிப்படுத்தினார். பெரும் வகைப்பாட்டாளரையே பிழைக்கு உள்ளாக்கிய வேறுபாடு செடியில் இல்லை. அப்படியானால் அது எங்கே இருக்கிறது?

இவ்வினாவுக்கான விடையில் ஒரு முக்கியப் பகுதி இந்தியாவில் கிடைத்தது. 1823இல் சிங்போ மக்களின் தலைவர் ஒருவர் வழியாக அசாமின் காட்டுத் தேயிலை ராபர்ட் புரூஸுக்கு அறிமுகமாயிற்று. 1830களில் இலையைப் பதப்படுத்தச் சீனக் கைவினைஞர் அழைத்துவரப்பட்டனர். 1839 சனவரியில் எட்டுப் பெட்டி அசாம் தேயிலை லண்டனில் ஏலம் போயிற்று. வாட்டுதல், உருட்டுதல், பரப்பி வைத்தல், உலர்த்துதல் என்னும் வரிசை கைப்பழக்கமாகவே கற்பிக்கப்பட்டது. பரப்பிவைத்த இலை செம்பு நிறம் கொள்வதைத் தோட்டத்துரைமார் ‘நொதித்தல்’ என்றனர். மதுவைப் போல இதிலும் நுண்ணுயிர்கள் வேலை செய்வதாகக் கருதியோர் உண்டு.

1897இல் எடுவர்ட் பூக்னர், உயிருள்ள ஈஸ்ட் செல் இல்லாமலே அதன் சாற்றால் சர்க்கரையை நொதிக்கச் செய்து காட்டினார். மூன்று ஆண்டுகள் கழித்து இந்தியத் தேயிலைச் சங்கத்தின் அறிவியல் அலுவலராகப் பொறுப்பேற்ற ஹெரால்டு மான், 1901 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் தேயிலையின் ‘நொதித்தலை’ விளக்கினார். அது இலையிலேயே உள்ள ஆக்சிஜனேற்ற நொதி ஒன்றின் செயல், நுண்ணுயிர்களை நம்பியிருப்பதன்று.

உயிருள்ள இலையில் இந்நொதியும் அது தாக்கும் பாலிஃபீனால்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நொதி பசுங்கணிகத்தில் இருக்கிறது. பாலிஃபீனால்கள் செல்லின் நுண்குமிழில் அடைபட்டிருக்கின்றன. உருட்டும்போது சுவர்கள் உடைகின்றன, சாறுகள் கலக்கின்றன, காற்று நுழைகிறது. பசுந்தேயிலை செய்வோர் அதற்கு முன்பே இலையை ஆவியிலோ சூடான வாணலியிலோ இட்டு நொதியைச் செயலிழக்கச் செய்கின்றனர். லின்னேயஸ் இரண்டு செடிகளைக் கண்ட இடத்தில் உண்மையில் இருந்தது ஒரு நொதியும், அதைச் சூடு எந்தக் கட்டத்தில் அடக்குகிறது என்பதுமே.

வெப்பத்திற்கு இங்கே இரண்டு முகங்கள். ஓரளவு வரை அது நொதியை முடுக்குகிறது. அதற்கு மேல் நொதியின் புரத வடிவத்தையே சிதைக்கிறது. இலை பரப்பும் அறையில் 25 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பமே விரும்பப்படுகிறது. அசாமின் கோடை அதை எளிதில் தாண்டிவிடும். அப்போது சாறு மங்கிச் சுவை கெடும். ஆகவே அறையைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைத்தனர். உலர்த்தும் சூடு குறைந்தாலும் கேடுதான். நொதி விரைவில் அடங்காமல், ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்த நிலையில் மேலும் துடிப்பாக இயங்கும். இலை வெந்ததுபோல் ஆகிவிடும்.

அமிலத்தன்மையின் பங்கை அளக்க மான் ஆய்வைத் தொடங்கியபோது அளவுகோலே இல்லை. 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சென் பி.எச். அளவுகோலை வகுத்தார், அதுவும் நொதிகளைப் பற்றிய ஆய்வுக்காகவே. உருட்டிய தேயிலையின் சாறு இயல்பாகவே சற்று அமிலமானது. ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட அந்த நிலையில்தான் இந்நொதி நன்கு இயங்குகிறது. அமிலம் மிகுந்தால் தளர்கிறது. 1911இல் ஜோர்ஹாட்டில் தொடங்கிய டோக்லாய் ஆய்வு நிலையம் இந்த வேதியியலைத் தொடர்ந்து ஆராய்ந்தது. அங்கே பணியாற்றிய ஈ. ஏ. எச். ராபர்ட்ஸ், தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் தரும் தியாஃபிளேவின், தியாரூபிஜின் ஆகியவற்றை விளக்கியவர்களுள் முதன்மையானவர்.

இந்த வரலாற்றில் ஆய்வறிக்கைகள் அதிகம் பேசாத பக்கம் ஒன்று உண்டு. கூடையில் இறுக அடைத்த இலை தன் சுவாசத்தாலேயே சூடேறும். நசுங்கிய இடங்களில் நொதி வேலையைத் தொடங்கிவிடும். தொழிற்சாலைக்கு வருமுன்பே இலை சிவந்துபோகும். எனவே கொய்த இலை காத்திருக்காது. கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில் ஆலைகள் இரவிலும் ஓடின. சோட்டா நாக்பூரிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் எத்தனை மணிக்குக் கூடையைச் சேர்க்க வேண்டும், எத்தனை மணிவரை விழித்திருக்க வேண்டும் என்பதை மேலாளரின் மணியோசையோடு இந்த நொதியும் சேர்ந்தே தீர்மானித்தது. மணமும் நிறமும் பார்த்து, ‘இப்போது உலர்த்தலாம்’ என்று சொன்னவர்களுள் பலரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.